வேலைக்காரம்மா வருமுன் பெருக்கிய வீடு

எங்கள் வீட்டுக்கார ஆன்ட்டி வேலைக்கு ஆள் வைத்திருந்தார். ஆனால் அந்த ஆள் வருவதற்குள் வீட்டைப் பெருக்கி, துடைத்து, பாத்திரங்களையும் ஒரு அலசு அலசிக் கவிழ்த்து வைத்துவிடுவார். ஜீவனஹள்ளியிலிருந்து நடந்து வரும் செல்வி, பளபளவென்றிருக்கும் தரையைப் பார்த்தபடி சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு நிற்பாள்.

“ஆன்ட்டி, அப்ப நான் எதுக்கு வர்றேன்?”

“பெருக்கத்தான். பெருக்கு.”

“எதை?”

ஆன்ட்டி சுற்றிலும் பார்ப்பார். பெருக்க ஒன்றும் இருக்காது. கொஞ்சம் வெட்கத்தோடு, “சும்மா மேலாப்புல தள்ளி வெச்சேம்மா. நீ உன் இஷ்டத்துக்குப் பண்ணு” என்பார். செல்வி தன் இஷ்டத்துக்குச் சுத்தமான தரையை இன்னொரு முறை சுத்தம் செய்துவிட்டுப் போவாள். சம்பளம் வாங்கிக்கொண்டு உடற்பயிற்சி செய்த ஒரே பெண்மணி பெங்களூரில் அவளாகத்தான் இருப்பாள்.

ஏன் இப்படி என்று ஒருமுறை கேட்டேன். “வீட்டை கலீஜா வெச்சிருந்தா அவ என்ன நினைப்பா? போற வீட்ல எல்லாம் சொல்ல மாட்டாளா?” என்றார். செல்வி போகிற வீடுகளில் என்ன சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். எங்கள் ஆன்ட்டிக்கு மறை கழன்றுவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

காக்ஸ் டவுனில் ஆன்ட்டியின் பழைய வீட்டின் மேலே பிற்பாடு எழுப்பிய மாடியில் நான் குடியிருந்தேன். துணி ஏற்றுமதி செய்யும் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை. ஆன்ட்டியின் கணவர் காலமாகிவிட்டார். ஒரே மகன் கனடாவில். ஆகவே எதற்கெடுத்தாலும் நான்தான். நான் இறங்கிப்போய் கதவைத் தட்டினால், “ஒரு நிமிஷம் இரும்மா” என்று குரல் வரும். பிறகு உள்ளே துடைப்பத்தின் சத்தம், நாற்காலிகளை இழுக்கும் சத்தம், ஏதோ ஒன்றைக் கட்டிலுக்கடியில் தள்ளும் சத்தம். அதன் பிறகுதான் கதவு திறக்கும். நெற்றியில் வியர்வையோடு, “என்னம்மா, சும்மாதானே உட்கார்ந்திருந்தேன்” என்பார்.

அந்த வீடு தன் இயல்பான கோலத்தில் எப்படி இருக்கும் என்று உலகத்தில் எவருக்கும் தெரியாது. இஸ்திரி வண்டிக்குத் துணி போனால் கையால் நீவி மடித்துத்தான் போகும். ஸ்கூட்டரை சர்வீஸுக்கு விடும்போது சக்கரத்தைக்கூட சோப்புப் போட்டுக் கழுவித் தருவார். சர்க்கரைப் பரிசோதனைக்கு முன்னால் இனிப்பை நிறுத்துவது நம் நாட்டின் பொது வழக்கம். அதில் அவரை மட்டும் குறை சொல்ல முடியாது.

பல் டாக்டரிடம் போன கதையைச் சொல்ல வேண்டும். வருடக்கணக்கில் பல்லைக் கவனிக்காத பாவத்தையெல்லாம் ஒரே காலையில் தீர்த்துவிடுவது என்று ஆன்ட்டி முடிவு செய்து, அப்பாயின்ட்மென்ட்டுக்கு முன் ஈறு கிழியத் தேய்த்துவிட்டார். நாங்கள் போய்ச் சேரும்போது கைக்குட்டை சிவந்திருந்தது. டாக்டர் பஞ்சை வைத்து அழுத்தினார். ரத்தம் நிற்கவில்லை. இன்னொரு பஞ்சு. அதுவும் நனைந்தது. அவர் முகம் மாறியது. “வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?” என்று கேட்டார். ஆன்ட்டி பஞ்சு அடைத்த வாயோடு என்னைப் பார்த்தார். நான்தான் சொன்னேன், “இவங்களுக்கு ஹார்ட் வால்வு மாத்தியிருக்கு. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை போடறாங்க.” ஒரு பல்லையும் தொடாமல் அனுப்பி வைத்தார். அந்த டாக்டருக்கு அன்று ஏற்பட்ட நடுக்கம் நிற்கப் பல நாள் ஆகியிருக்கும்.

ஆம், வால்வு. சின்ன வயதில் வந்த ஏதோ காய்ச்சல் இதயத்தின் வால்வைக் கெடுத்து, நடுவயதில் அதை எடுத்துவிட்டுச் செயற்கை வால்வு வைத்திருந்தார்கள். அமைதியான இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் அது டிக் டிக்கென்று கேட்கும், தலையணைக்கடியில் கைக்கடிகாரம் வைத்ததுபோல. ஆன்ட்டிக்கு அந்தச் சத்தம் வெட்கம். விருந்தாளி வந்தால் குளிர்காலத்திலும் ஃபேனைப் போட்டுவிடுவார்.

அந்த வால்வின்மேல் ரத்தம் கட்டியாகப் படியாமல் இருக்க, உயிரோடிருக்கும்வரை தினமும் மாத்திரை போட வேண்டும். அதில்தான் சிக்கல். மாத்திரையின் வேகம் குறைந்தால் வால்வில் கட்டி உண்டாகி மூளைக்குப் போய்விடும். கூடினால் உள்ளேயோ வெளியேயோ ரத்தம் கசிந்து நிற்காது. இரண்டுக்கும் நடுவே ஒரு சின்ன இடம் இருக்கிறது. அங்கேயே ஆயுள் முழுக்க நிற்க வேண்டும். நிற்கிறோமா என்று சொல்ல ஐ.என்.ஆர். என்று ஒரு ரத்தப் பரிசோதனை. ஆன்ட்டிக்கு இரண்டரைக்கும் மூன்றரைக்கும் இடையில் வர வேண்டும் என்று ஹார்ட் டாக்டர் சொல்லியிருந்தார். வந்தது. ஒவ்வொரு மாதமும், கோடு போட்டதுபோல வந்தது.

“எல்லா பேஷன்ட்டும் உங்களை மாதிரி இருந்தா எனக்கு வேலையே இல்லம்மா” என்று அந்த டாக்டர் ஒருமுறை சொல்லித் தொலைத்தார். அவ்வளவுதான். அந்த வாக்கியம் சர்ச்சில், காய்கறிக் கடையில், கனடாவில், எங்கும் ஒலித்தது. ஆன்ட்டிக்குத் தன் வாழ்நாளில் கிடைத்த ஒரே பதக்கம் அது.

அந்தப் பதக்கத்தின் பின்பக்கத்தை நான் கீரையில்தான் கண்டுபிடித்தேன். பரிசோதனை முடிந்த மறுநாள் தவறாமல் மாடிக்கு ஒரு கிண்ணம் கீரைக் கடைசல் வரும். அடுத்த நாள் முருங்கைக்கீரைப் பொரியல். அதற்கடுத்த நாள் மெந்தியச் சொப்பு, அதாவது வெந்தயக்கீரை, போட்ட சாம்பார். ஆடு மேயலாம்போல வீடு முழுக்கப் பச்சை. அடுத்த பரிசோதனை நெருங்கும்போது கீரை மாயமாகிவிடும். கிண்ணத்தில் உருளைக்கிழங்கு வரும். நானும் கொடுத்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். ஒரு நாள்தான் கீரைக்கும் நாள்காட்டிக்கும் உள்ள உறவு உறைத்தது. கீரை மாத்திரையின் வேலையைக் குறைக்கும், அதனால் தினமும் ஒரே அளவு சாப்பிடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொன்னது எனக்கும் நினைவிருந்தது. ஆன்ட்டி அந்த அறிவுரையில் பாதியை மட்டும், அதுவும் உபயோகமான பாதியை, எடுத்துக்கொண்டிருந்தார்.

கேட்டேன். மறைக்கவெல்லாம் இல்லை, பெருமையாகவே சொன்னார்.

“டெஸ்ட்டுக்கு முன்னாடி கரெக்டா மாத்திரை போடுவேன். கீரை தொட மாட்டேன். டவுட்டா இருந்தா அரை மாத்திரை ஜாஸ்தி. டெஸ்ட் ஆனப்புறம் கொஞ்சம் ரெஸ்ட் கொடுப்பேன்.”

“எதுக்கு ரெஸ்ட்?”

“உடம்புக்குத்தான். இதோ பாரு.” முழங்கைக்கு மேலே ரத்தம் கன்றிய பழைய நீலத் தடம் ஒன்றைக் காட்டினார். “மாத்திரை ஒழுங்கா போட்டா எங்க இடிச்சாலும் இப்படி நீலமாகுது. போன வருஷம் ஒரு கல்யாணத்துல எல்லாரும் கேட்டாங்க, என்ன ஆன்ட்டி, யாராச்சும் அடிச்சாங்களான்னு. இவர் செத்து எத்தனை வருஷம் ஆச்சு! செத்த மனுஷனுக்கு கெட்ட பேரு வாங்கித் தரணுமா நான்?”

அப்போதுதான் விளங்கியது. ஆன்ட்டிக்கு மேல் இரண்டு இன்ஸ்பெக்டர்கள். டாக்டருக்கு எண் சரியாக இருக்க வேண்டும்; சர்ச்சுக்குக் கை வெள்ளையாக இருக்க வேண்டும். மாதத்தின் ஒரு பகுதியை அவருக்கும் மறுபகுதியை இவர்களுக்கும் பங்கு பிரித்துக் கொடுத்துவிட்டார். இதயத்துக்கு மட்டும் பங்கு இல்லை. பல் டாக்டரிடம் பஞ்சு பஞ்சாக நனைந்ததன் ரகசியமும் அதுதான். ஐ.என்.ஆருக்கு முந்தின வாரம் அது. அரை மாத்திரை ஜாஸ்தி உள்ளே போயிருந்திருக்கிறது.

“ஆன்ட்டி, இது பரீட்சை இல்ல. டாக்டர் அந்த நம்பரைப் பார்த்துட்டு எல்லாம் சரியா இருக்குன்னு நினைச்சுக்கறாரு. நடுவுல கட்டி வந்தா என்ன பண்ணுவீங்க?”

“உங்க ஆபீஸ்ல ஆடிட்டர் வர்றதுக்கு முன்னாடி நீ என்னம்மா பண்ணுவ?”

ஆடிட்டர் வரும் வாரமெல்லாம் நான் நடுராத்திரி வீடு திரும்புவது அவருக்குத் தெரியும்.

“மந்திரி வர்றாருன்னா ஒரே ராத்திரியில ரோட்டுக்குத் தார் போடறாங்க இல்ல? ஊரே அப்படித்தான் ஓடுது. எனக்கு மட்டும் ரூல்ஸ் சொல்ல வந்துட்ட.”

பெங்களூரில் இருந்துகொண்டு அதற்குப் பதில் சொல்ல முடியாது. ஆனாலும் டாக்டரிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டினேன். அவர் முகம் சின்னப் பிள்ளை முகமாகிவிட்டது. “சொல்லிடாத கண்ணு. அவர் என் மேல நல்ல ஒபினியன் வெச்சிருக்காரு” என்றார். அவர் பயந்தது கட்டிக்கு அல்ல, அந்த ஒபினியன் கெட்டுப்போவதற்கு. அடுத்த மாதத்திலிருந்து ஒழுங்காகப் போடுகிறேன் என்று சத்தியம் செய்தார். அடுத்த மாதம் யாருக்கோ கல்யாணம்.

கல்யாணம் முடிந்த வாரம் அது. காலையில் நான் ஆபீஸுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது செல்வி மாடிப்படியில் ஓடி வந்தாள்.

“அக்கா, ஜல்தி கீழ வாங்க. வீடு பெருக்கல.”

கேட்பவர்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். எனக்கு இல்லை. சீப்பைப் போட்டுவிட்டு ஓடினேன். தரையில் நேற்றைய குப்பை, மேசைமேல் கழுவாத தட்டு. ஆன்ட்டி நைட்டியோடு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, இடது கையை வலது கையால் தூக்கித் தூக்கி மடியில் வைத்துக்கொண்டிருந்தார். அது நழுவி நழுவி விழுந்தது. என்னைப் பார்த்ததும் ஏதோ சொன்னார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. இரண்டாவது முறை சொன்னபோது புரிந்தது. “சேலை.”

“சேலை எதுக்கு ஆன்ட்டி, ஆஸ்பத்திரிக்குப் போகணும்!”

அதற்குத்தான் சேலை. டாக்டர் முன்னால் நைட்டியோடு எப்படிப் போவது? செல்வி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் பிடித்துத் தூக்க, அவர் நல்ல கையால் பீரோவின் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு விடவே இல்லை. மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்டிருக்கிறது. இவர் பட்டா காட்டனா என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு வந்த கோபத்தில் அழுகையே வந்துவிட்டது. கடைசியில் செல்வி ஒரு போர்வையை எடுத்து அவரைச் சுற்றி, “இதுவும் சேலைதான் ஆன்ட்டி, கட்டியாச்சு, நடங்க” என்றாள். ஆட்டோவில் ஏற்றினோம்.

எமர்ஜென்சியில் இருந்தது ஒரு இளம் லேடி டாக்டர். கன்னடமும் தமிழும் கலந்து மளமளவென்று கேட்டார். எப்போது நன்றாக இருந்ததைக் கடைசியாகப் பார்த்தீர்கள், என்ன மாத்திரை, தினமும் போடுகிறாரா. கடைசிக் கேள்விக்கு ஆன்ட்டி ஆமாம் என்று தலையாட்டினார். கோணிய வாயோடு, நல்ல பிள்ளையாக.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். “கட்டியைக் கரைக்க ஒரு ஊசி இருக்கு. சீக்கிரம் போட்டா கை, பேச்சு எல்லாம் திரும்ப சான்ஸ் இருக்கு. ஆனா இந்த மாத்திரை ஒழுங்கா வேலை செய்றவங்களுக்குப் போட முடியாது. தலைக்குள்ள ரத்தம் கசியும். டெய்லி போடறாங்கன்னா கஷ்டம்.”

“போடல டாக்டர்” என்றேன். “டெஸ்ட்டுக்கு முன்னாடி மட்டும்தான் போடுவாங்க.”

“அவங்க போட்டேன்னு சொல்றாங்களே?”

ஆன்ட்டி என்னைப் பார்த்தார். எத்தனையோ முறை சண்டை போட்டிருக்கிறோம். அப்படி ஒரு பார்வையை நான் பார்த்ததில்லை. விருந்தாளி வந்து நிற்கும்போது கட்டிலுக்கடியில் தள்ளியதையெல்லாம் வெளியே இழுத்துப் போட்டவளைப் பார்க்கும் பார்வை. நான் அவர் பக்கத்தில் குனிந்தேன். “ஆன்ட்டி, இப்ப பொய் சொன்னா ஊசி கிடையாது. உங்க வாயால சொல்லுங்க.”

அவர் கண்ணை மூடிக்கொண்டார். போர்வைக்குள்ளிருந்து வலது கையை மெல்ல வெளியே எடுத்து டாக்டரிடம் நீட்டினார். முழங்கை வரை ஒரு நீலம் இல்லை, ஒரு தழும்பு இல்லை. கல்யாணத்துக்கென்று பாடுபட்டுச் சுத்தமாக்கி வைத்த கை.

“போடல” என்றார். குழறியது. ஆனால் எல்லாருக்கும் புரிந்தது.

விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து உடனே பார்த்தார்கள். மாத்திரையே அறியாத மனிதர்களுக்கு எவ்வளவு வருமோ ஏறக்குறைய அவ்வளவுதான் வந்தது. தலையை ஸ்கேன் செய்து, ரத்தக் கசிவு இல்லை என்று உறுதி செய்துகொண்டு ஊசி போட்டார்கள். யோசித்துப் பாருங்கள்: மாத்திரையை விட்டதால் வந்த நோய், மாத்திரையை விட்டதால் போட முடிந்த மருந்து. ஆன்ட்டி ஃபெயிலான முதல் பரீட்சை அது. ஃபெயிலானதால்தான் பிழைத்தார். இந்த நியாயத்தைப் பிற்பாடு அவர் என்னிடமே வாதாடிக் காட்டியபோது எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது.

பேச்சு திரும்பியது. கையும் திரும்பியது, இடது கை விரல்களில் மட்டும் கொஞ்சம் சோம்பல் தங்கிவிட்டது. வழக்கமான ஹார்ட் டாக்டருக்கு விஷயம் தெரிந்தபோது அவர் ஆன்ட்டியைத் திட்டவில்லை. ஒரு கேள்வி மட்டும் கேட்டார்: “டெஸ்ட் எந்த நாள்னு உங்களுக்குத் தெரியாம இருந்தா என்ன பண்ணுவீங்க?” அன்றிலிருந்து லேப்காரர் வீட்டுக்கே வருவார், எந்த நாள் என்று சொல்ல மாட்டார் என்று ஏற்பாடாயிற்று.

லேப்காரர் ஒரு நடுவயதுக் கன்னடக்காரர். ஹெல்மெட்டைக் கழற்றாமலே வாசலில் நின்று, “ஆன்ட்டி, கை கொடி” என்று கன்னடத்தில் கையை நீட்டச் சொல்வார். ஒரு மாதம் திங்கட்கிழமை, ஒரு மாதம் சனிக்கிழமை, ஒருமுறை பத்து நாளிலேயே வந்து நின்றார். ஆன்ட்டி பேஜாராகிவிட்டார். “இது என்னம்மா அநியாயம்? சொல்லாம கொள்ளாம வர்றது மரியாதையா?” என்று என்னிடம் புலம்புவார். ஆனால் எந்த நாளும் வரலாம் என்பதால் எந்த நாளும் மாத்திரை போட வேண்டியதாயிற்று. கீரையும் தினமும் ஒரு கைப்பிடி, கூடவும் இல்லை குறையவும் இல்லை. ஆண்டவர் எந்த நேரத்தில் வருவார் என்று தெரியாது, எப்போதும் ஆயத்தமாயிருங்கள் என்று அவருடைய சர்ச்சில் எத்தனை போதகர்கள் தொண்டை வறளப் பிரசங்கம் செய்திருப்பார்கள்! அவர்களால் முடியாததை ஒரு ஹெல்மெட் போட்ட மனிதர் செய்து முடித்தார்.

கையில் நீலம் வந்தது. அதற்கும் வழி கண்டுபிடித்தார். மணிக்கட்டு வரை நீண்ட கை வைத்த ஜாக்கெட் தைத்துக்கொண்டு சர்ச்சுக்குப் போனார். இரண்டொரு மாதத்தில் அங்கே பாதிப் பெண்கள் நீளக்கை ஜாக்கெட்டோடு வந்தார்கள், புது ஃபேஷன் என்று நினைத்து. ஆன்ட்டி யாருக்கும் காரணம் சொல்லவில்லை. “என்னைப் பார்த்துத்தான் தைக்கறாங்க” என்று என்னிடம் மட்டும் குதூகலித்தார்.

பிறகு என் ஆபீஸ் ஒயிட்ஃபீல்டு பக்கம் போய்விட்டது. நானும் போனேன். சில வருடங்கள் கழித்து ஆன்ட்டி போய்ச் சேர்ந்தார். ரத்தத்தாலும் அல்ல, வால்வாலும் அல்ல, நெஞ்சில் சளி கட்டி வந்த ஒரு சாதாரணக் காய்ச்சலில். அவரைச் சவப்பெட்டியில் பார்த்ததை நான் நினைத்துக்கொள்வதில்லை. எனக்குள் இருப்பது அதற்குச் சில மாதங்கள் முன்னால் பார்த்த ஆன்ட்டிதான்.

அந்தப் பக்கம் ஒரு வேலையாக வந்தவள், சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போனேன். கதவு ஒருக்களித்துத் திறந்திருந்தது. தட்டினேன். “ஒரு நிமிஷம் இரும்மா” வரவில்லை. தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். தரை முழுக்கத் தூசி. பேப்பர் நான்கு துண்டாகப் பிரிந்து கிடந்தது. மேசைமேல் காப்பித் தம்ளர், அடியில் கறை காய்ந்திருந்தது. வீடு பெருக்கவில்லை.

“ஆன்ட்டி! ஆன்ட்டி!” என்று கத்திக்கொண்டே படுக்கையறைக்கு ஓடினேன். கட்டில் காலி. சமையலறையில் இல்லை. கொல்லைக் கதவைத் தள்ளினேன்.

படியில் நைட்டியோடு உட்கார்ந்து, மடியில் முறத்தை வைத்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். இரண்டு கையும் அசைந்தன. வாய் நேராக இருந்தது.

“எதுக்கும்மா இந்தக் கத்து கத்துற? தெருவே கேட்குது.”

“வீடு பெருக்கலையே ஆன்ட்டி!”

“செல்வி இன்னைக்கு லீவு. அவளே வராதப்ப எதுக்குப் பெருக்கணும்?”

எனக்கு மூச்சு வாங்கியது. பயம் போய் எரிச்சல் வந்தது. “நான் வந்திருக்கேனே! யாராச்சும் வந்தா என்ன நினைப்பாங்கன்னு சொல்வீங்களே!”

ஆன்ட்டி கீரைக் காம்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, இது ஒரு கேள்வியா என்பதுபோல் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

“நீதானே. உனக்கெல்லாம் எதுக்கும்மா பெருக்கணும்?”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அவர் பார்த்துவிடக் கூடாதென்று சட்டென்று பக்கத்துப் படியில் உட்கார்ந்தேன். ஃபேன் சத்தம் இல்லாத கொல்லைப்புறத்தில் அந்த வால்வு டிக் டிக்கென்று எனக்கு நன்றாகக் கேட்டது. அவர் அதையும் மறைக்கவில்லை. நான் ஒரு கொத்தை எடுத்து உருவ ஆரம்பித்தேன்.

“ஜாஸ்தி உருவாத” என்றார். “தினமும் ஒரு கைப்பிடிதான்.”